ஒரு வாய் சோறு... ஒரு பாட்டு!

குழந்தைகள் டாக்டரின் வெயிட்டிங் ஹாலில் ஒரு மீன் தொட்டி இருந்தது. அதில் பெரிய ஆரஞ்சு மீன் ஒன்று, ரிடையரான தாசில்தார் மாதிரி மெதுவாக வாக்கிங் போய்க்கொண்டிருந்தது. என் மகன் அகிலன் தொட்டிக்கு முன்னால் போய் நின்றான். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு ஆள்காட்டி விரலைக் கண்ணாடியில் வைத்துக் கீழேயிருந்து மேலாக ஒரு தள்ளு தள்ளினான்.

மீன் மாறவில்லை.

இன்னொரு தள்ளு. அதே மீன். மூன்றாவது தள்ளுக்கும் அடுத்த மீன் வராமல் போகவே, தரையில் உட்கார்ந்து 'ஓ'வென்று அழ ஆரம்பித்துவிட்டான்.

ஹாலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். இந்த வாரக் கட்டுரைக்கு ஒரு பாரா கிடைத்தது என்று சந்தோஷப்பட்டும் இருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. பையனுக்கு இரண்டு வயது மூன்று மாதம். இன்னும் பேச்சு வரவில்லை. அதற்காகத்தான் வந்திருந்தோம்.

டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். முதல் கேள்வியே, "எத்தனை வார்த்தை சொல்றான்?"

நானும் மைதிலியும் (என் மனைவி) ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினோம். 'பா' என்றால் நான். 'ம்மா' என்றால் அவள். 'மம்மு' என்றால் சாப்பாடு. 'கா' என்றால் காக்கா, கோழி, ஏரோப்ளேன் எல்லாம். அப்புறம் 'கிப்'.

"கிப்னா?"

"ஸ்கிப் டாக்டர். விளம்பரம் வந்தா சொல்லுவான்."

ஆக மொத்தம் ஐந்து வார்த்தை. அதில் ஒன்று இங்கிலீஷ்! இரண்டு வயதில் சுமார் ஐம்பது வார்த்தையாவது இருக்க வேண்டும், 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரண்டு இரண்டாகச் சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். முதலில் காது கேட்கிறதா என்று டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். பேச்சு தாமதம் என்று போனால் முதலில் காதைத்தான் பார்க்கிறார்கள். கேட்டால்தானே பேசுவதற்கு! காது பிரமாதமாக இருந்தது. அடுத்த அறையில் பிஸ்கட் கவர் பிரிக்கும் சத்தம் கேட்கிற பையனுக்குக் காதில் என்ன கோளாறு இருக்க முடியும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ரிசல்ட் வரும்வரை இரண்டு நாள் நான் சரியாகத் தூங்கவில்லை.

இரண்டாவது தடவை போனபோதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"போன், டி.வி. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம் டாக்டர்" என்றேன் உடனே.

டாக்டர் சிரித்துவிட்டார். "எல்லா அப்பாவும் இதே ஒரு மணி நேரம்தான் சொல்றாங்க. இன்கம்டாக்ஸ் ஆபீசர்கிட்ட வருமானம் சொல்ற மாதிரி!"

சுருக்கென்று தைத்தது. நான் பி.காம். பத்திரிகைகளுக்கு எழுதுவது போக, மூன்று கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்த்துக் கொடுத்துத்தான் வீட்டு வாடகை கட்டுகிறேன். என்னைப் பார்த்து, கணக்கில் காட்டாத வருமானம் என்று ஒரு டாக்டர் சொல்வதா?

"நீங்க கணக்குப் பிள்ளைதானே? ஒரு வாரம் நோட்டுல எழுதிட்டு வாங்க. குறைச்சு எழுதாதீங்க" என்றார்.

எழுதினேன்.

* * *

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டு, தேதி, விவரம், நிமிடம் என்று முறைப்படி லெட்ஜர் தொடங்கினேன். திங்கட்கிழமை காலை ஏழரைக்குப் பால் டம்ளரோடு முதல் பதிவு.

பெரிய செலவு சாப்பாட்டுத் தலைப்பில். எங்கள் வீட்டில் ஒரு வாய் சோற்றுக்கு ஒரு பாட்டு என்பது எழுதப்படாத ஒப்பந்தம். யானைப் பாட்டு ஓடும். பையன் வாயைத் திறந்துகொண்டே பார்ப்பான். திறந்த வாயில் அம்மா ஒரு உருண்டையைப் போட்டுவிடுவார். (அம்மா என்றால் என் அம்மா. பையனுக்கு அப்பாயி. ஊர் லால்குடி பக்கம். பேரனுக்காகத் தாம்பரம் வந்து இரண்டு வருஷமாகிறது.) போஸ்ட் பாக்ஸில் கடிதம் போடுவதுபோல. பாக்ஸுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாது. பையனுக்கும் அது பருப்பு சாதமா, ரசம் சாதமா என்று தெரியாது. வயிறு நிறைந்ததும் தெரியாது. மூன்று வேளைக்கு ஒரு மணி நாற்பது நிமிடம்.

அடுத்து 'அப்பா வேலை' என்ற தலைப்பு. கடைக்காரர் போன் பண்ணுவார், நான் லேப்டாப்பில் உட்காருவேன், பையன் மடியில் ஏறி என்டர் பட்டனை அமுக்குவான். அவனைச் சமாளிக்க மைதிலியின் பழைய போனைக் கையில் கொடுப்பது. ஐம்பது நிமிடம். நகம் வெட்ட, தலைக்கு எண்ணெய் வைக்க, மருந்து ஊற்ற என்று சில்லறைச் செலவுகள் இருபது நிமிடம். தூங்க வைக்க அரை மணி. கூட்டிப் பார்த்தால் மூன்று மணி இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லாரும் இருக்கிற நாள், நாலரை!

அதற்கு மேல் அம்மாவின் சீரியல்கள். அதை நான் எழுதவில்லை. 'பையன் அதைப் பார்ப்பதே இல்லையே, பொம்மையோடு விளையாடிக்கொண்டிருப்பானே' என்பது என் வாதம். டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. அறையில் டி.வி. ஓடினால் குழந்தை பார்க்கிறதோ இல்லையோ, பெரியவர்கள் பேச்சு குறைந்துவிடுமாம். அமெரிக்காவில் டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் என்ற குழந்தைகள் டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. குழந்தைகளின் சட்டையில் சின்ன ரிக்கார்டரை மாட்டி விட்டு, காதில் விழுகிற வார்த்தைகளை எண்ணியிருக்கிறார்கள். டி.வி. சத்தம் கேட்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்கள் வாயிலிருந்து குழந்தைக்குக் கிடைக்கிற வார்த்தைகளில் சுமார் 770 குறைந்துபோயிருந்தது.

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பதரை. நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

* * *

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் திரை கூடவே கூடாது. ஒரு வயதுக் குழந்தைக்கும் வேண்டாம். இரண்டிலிருந்து நாலு வயது வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதற்கும் குறைந்தால் ரொம்ப நல்லது. நம் ஊர்க் குழந்தை மருத்துவர்களின் சங்கமான ஐ.ஏ.பி. 2022-ல் வெளியிட்டதும் ஏறக்குறைய இதுதான். தைவானில் 2015-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். குழந்தைகளை அளவுக்கு மீறி இந்தச் சாதனங்களைப் பயன்படுத்த விடுகிற பெற்றோருக்கு 50,000 தைவான் டாலர் வரை அபராதம் போடலாம். நல்லவேளை, தாம்பரம் தைவானில் இல்லை. இருந்தால் எங்கள் வீட்டு வாசலில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள்.

ஏன் கூடாது? 'பாட்டுதானே கேட்கிறான், ஏ பி சி டி தானே கத்துக்கறான்' என்பது நான் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த சமாதானம். அதை உடைத்தது டாக்டர் சொன்ன இன்னொரு கதை. பாட்ரிசியா கூல் என்ற அமெரிக்க விஞ்ஞானி 2003-ல் வெளியிட்டது. ஒன்பது மாதக் குழந்தைகள். வீட்டில் இங்கிலீஷ் மட்டும்தான். ஒரு கோஷ்டிக் குழந்தைகளுக்குச் சீன மொழிக்காரர்கள் நேரில் வந்து, தரையில் உட்கார்ந்து, பொம்மை காட்டி, கதைப் புத்தகம் படித்து, சீன மொழியில் கொஞ்சினார்கள். மொத்தம் பன்னிரண்டு தடவை, தடவைக்கு இருபத்தைந்து நிமிடம். வேறு குழந்தைகளுக்கு அதே மாதிரிப் பேச்சு, அதே பொம்மைகள், ஆனால் டி.வி.யில். கடைசியில் சோதித்தால், நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்து அறிந்தன. டி.வி.யில் பார்த்த குழந்தைகள்? ஒன்றுமே கேட்காத குழந்தைகள் மாதிரிதான் இருந்தன.

டாக்டர் இதை எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னார். "பேச்சுங்கறது ஷட்டில் காக் மாதிரி. குழந்தை 'கா'ன்னு ஒண்ணு அடிக்கும். நீங்க 'ஆமா, காக்கா. கறுப்பு காக்கா'ன்னு திருப்பி அடிக்கணும். அது மறுபடி அடிக்கும். போன் அப்படியா? அது பாட்டுக்கு அடிச்சிட்டே இருக்கும். இவன் அடிச்சா வாங்காது. அப்ப எதுக்கு பேட்டைத் தூக்கணும்னு இவனும் விட்டுடுவான்."

அதனால்தான் வீடியோ காலுக்கு மட்டும் விதிவிலக்கு. காஞ்சிபுரத்தில் இருக்கிற அம்மாச்சி போனில் வந்து 'எங்கே உன் தொப்பை?' என்றால் அவன் சட்டையைத் தூக்கிக் காட்டுவான். அம்மாச்சி சிரிப்பார். அது இரண்டு பேர் விளையாட்டு.

ஆனால் ஒன்று. "போன்தான் காரணம்னு நான் எழுதித் தர மாட்டேன்" என்றும் சொன்னார் டாக்டர். நாள் முழுக்கப் பார்த்துவிட்டும் பொரிந்து தள்ளுகிற குழந்தைகள் உண்டு. போனையே பார்க்காமல் தாமதமாகப் பேசுகிற குழந்தைகளும் உண்டு. வேறு காரணங்கள் இருக்கலாம், அதனால் பேச்சுப் பயிற்சியாளரையும் பாருங்கள் என்றார். வாட்ஸ்அப்பில் 'போனால் வரும் ஆட்டிசம்' என்று ஒரு பயங்கரம் சுற்றுகிறதே, அதைப் பற்றியும் கேட்டேன். மைதிலிக்கு அதை நாலு பேர் பார்வர்டு செய்திருந்தார்கள். ஒரு ராத்திரி அவள் அதைப் படித்துவிட்டு பாத்ரூமில் தண்ணீரைத் திறந்து விட்டு அழுதது எனக்குத் தெரியும். மருத்துவப் புத்தகத்தில் அப்படி ஒரு நோய் கிடையாது என்றார் டாக்டர். ஆட்டிசம் தனி. அதை டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், மாமா பையனின் வாட்ஸ்அப் சொல்லக் கூடாது. 'பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க, உங்க தாத்தா கூட நாலு வயசுலதான் பேசினார்' என்று காத்திருப்பதும் தப்பு. (எங்கள் வீட்டில் அதையும் ஆறு மாதம் செய்தோம்.) பிரைவேட்டில் பார்க்க வசதி இல்லாதவர்கள், மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ போய் டி.இ.ஐ.சி. எங்கே என்று விசாரியுங்கள். 2013-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் வந்த பிரிவு. குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைப் பார்க்கவே இருக்கிறது. காசு கிடையாது.

* * *

சரி, போனை நிறுத்துவது என்று முடிவாயிற்று. எப்படி?

முதல் யோசனை என்னுடையது. 'போன் செத்துப்போச்சு' என்று பொய் சொல்வது. பழைய போனை பீரோவில் பூட்டினேன். என் போனை மறைக்க இடமில்லாமல், சமையலறையில் அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். அன்றைக்கு இருபதாம் தேதி. ஜி.எஸ்.டி. 3பி தாக்கல் செய்யக் கடைசி நாள் என்பது அரிசிக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் ஹார்டுவேர் கடைக்காரர் கூப்பிட்டுவிட்டார். அரிசிக்குள்ளிருந்து பாட்டு வந்தது!

பையன் ஓடினான். டிரம் சாய்ந்தது. பொன்னி அரிசி சமையலறையிலிருந்து ஹால் வரை வந்து சேர்ந்தது. அரிசியைத் துழாவிப் போனை எடுத்து, வெற்றி வீரன் மாதிரி தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான் பாருங்கள் ஒரு பார்வை... அன்றைக்கு என் நாணயம் போய்விட்டது. அரிசியை அள்ள அம்மாவுக்கு ஒரு மணி நேரம். முட்டி வலியோடு.

இரண்டாவது யோசனை மைதிலியுடையது. எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தாமல், சாப்பாட்டில் மட்டும் ஆரம்பிப்பது. பையனை ஊட்டாமல், தரையில் உட்கார வைத்து, சின்னத் தட்டில் அவனுக்கென்று தனியாகப் போட்டுக் கையால் எடுத்துச் சாப்பிட விடுவது. எங்களோடு சேர்ந்து.

முதல் நாள் மூன்று வாய். மீதி காதில், தலையில், சுவரில். இரண்டாம் நாள் நாலு வாய். அம்மா பொருமித் தீர்த்துவிட்டார். "புள்ளை எளைச்சுப் போச்சுடா. டாக்டரம்மா பேச்சைக் கேட்டுக்கிட்டுப் பட்டினி போடுறீங்களே, நல்லா இருப்பீங்களா?" மத்தியானம் மைதிலி ஆபீஸில் இருக்கும்போது அம்மா ரகசியமாக யானைப் பாட்டைப் போட்டு ஊட்டியதை நான் கையும் களவுமாகப் பிடித்தேன். என்ன சொல்ல? அவர் வளர்த்த பிள்ளை நான். நிலாவையும் பூச்சாண்டியையும் காட்டித்தான் எனக்கு ஊட்டியிருக்கிறார். நிலா மாதிரி போன். அவ்வளவுதான் அவர் கணக்கு. நிலாவைக் காட்ட அவர் பேச வேண்டியிருந்தது, போனைக் காட்ட பேச வேண்டியதில்லை என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "முட்டி வலியில இவனைத் தூக்கிக்கிட்டு மாடிக்கு ஏற முடியலடா. அதான்" என்றார். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

ஒன்பதாவது நாள் பையன் பாதித் தட்டைத் தானே காலி செய்தான். பத்து நாள் கழித்து டாக்டரிடம் எடை பார்த்தோம். ஒரு கிராம்கூடக் குறையவில்லை. அம்மா தராசைச் சந்தேகமாகப் பார்த்தார்.

நேரக் கணக்குக்கு வழிகாட்டியது எங்கள் குக்கர். போனில் டைமர் வைத்து, மணியடித்ததும் பிடுங்கினால் ரகளை. நான் சொல்லி நிறுத்தினால் என்மேல் கோபம். ஒரு நாள் மைதிலி, "மூணு விசில் வந்ததும் டி.வி. ஆஃப்" என்றாள். மூன்றாவது விசில் வந்தது. பையன் சமையலறையைப் பார்த்தான், டி.வி.யைப் பார்த்தான், பேசாமல் எழுந்து வந்துவிட்டான்! அப்பன் சொல்லுக்கு இல்லாத மரியாதை குக்கருக்கு இருக்கிறது. அன்றிலிருந்து சாயங்காலம் பருப்பு வேகிற நேரம்தான் அவன் பார்க்கிற நேரம். பத்துப் பதினைந்து நிமிடம். அதுவும் கைப்போனில் இல்லை. ஹால் டி.வி.யில், யாராவது பக்கத்தில் உட்கார்ந்து 'அதோ யானை, பெரிய யானை' என்று கூடவே பேசிக்கொண்டு. ஒன்று முடிந்ததும் தானாக அடுத்தது ஓடுகிற வசதியை அணைத்துவிட்டேன்.

அந்த வசதிதான் பெரிய வில்லன் என்பது என் அபிப்பிராயம். எங்கள் காலத்திலும் டி.வி. இருந்தது. 1997-ல் சக்திமான் வந்தபோது எனக்கு எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை என்றால் தெருவே காலி. ஆனால் சக்திமான் முடிந்துவிடுவார். முடிந்ததும் செய்தி வரும். செய்தி வந்தால் எந்தக் குழந்தையும் உட்காராது. நடுவில் கரண்ட் போகும். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று ஒரு அட்டை வந்து நிற்கும். அப்போது தூர்தர்ஷனைத் திட்டினோம். இப்போது யோசித்தால், நாடு முழுக்கக் குழந்தைகளின் கண்ணைக் காப்பாற்றிய அட்டை அது!

* * *

கண் என்றதும் ஞாபகம். எனக்குப் பவர் மைனஸ் மூன்றரை. பையனுக்கும் வந்துவிடுமோ என்று பயம். கண் டாக்டர் ஒருவர் சொன்ன விஷயம் எனக்குப் புதிது. திரையைக் குறைப்பது ஒரு பக்கம். வெளியில் விடுவது அதைவிட முக்கியம். சீனாவில் குவாங்ஜோ நகரத்தில் 12 ஆரம்பப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளிச்சத்தில் விளையாட விட்டார்கள். மூன்று வருஷம். 2015-ல் முடிவு வந்தது. வழக்கம்போல இருந்த பள்ளிகளில் 39.5 சதவிகிதம் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை. வெளியில் விளையாடிய பள்ளிகளில் 30.4 சதவிகிதம். மருந்தில்லை, மாத்திரையில்லை, வெறும் வெளிச்சம்! தைவான் பள்ளிகளில் 2010 முதலே தினமும் 120 நிமிடம் வெளியில் என்று திட்டம் நடக்கிறது. சென்னையில் நமக்கு வெயிலுக்கா பஞ்சம்?

காலை ஏழரைக்குப் பையனை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போக ஆரம்பித்தேன். அங்கிருந்து தாம்பரம் லைனில் எலெக்ட்ரிக் ரயில் போவது தெரியும். 'ரயிலு வருது... ரயிலு போகுது' என்று நான் கத்துவேன். எதிர் மாடியில் துணி காயப்போடுகிற அம்மாள் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ. மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் பையன், "லயிலு" என்றான்.

ஆறாவது வார்த்தை. நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்.

தூக்கம் இன்னொரு போராட்டம். ராத்திரித் திரை வெளிச்சம் பட்டால், தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இது அதிகம். படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாத் திரையும் அணைய வேண்டும் என்றார் டாக்டர். 'எல்லாத் திரையும்' என்றால் பக்கத்தில் படுத்துக்கொண்டு போர்வைக்குள் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற அப்பாவின் திரையும்தான். இங்கேதான் சண்டை வெடித்தது.

மைதிலி ஒரு நாள் ராத்திரி என் போனை வாங்கி, செட்டிங்ஸில் எதையோ தட்டி, சத்தமாகப் படித்தாள். "இன்னிக்கு அஞ்சு மணி இருபது நிமிஷம். நேத்து நாலு அம்பது. ஞாயித்துக்கிழமை ஆறு. ஏங்க, புள்ளைக்கு லெட்ஜர் போட்டீங்களே, உங்களுக்கு யார் போடறது?"

"எனக்கு வேலை..."

"வேலையா? ஜி.எஸ்.டி. வெப்சைட்டுல பதினெட்டு நிமிஷம். மீதியெல்லாம் ரீல்ஸ்."

நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். மெதுவாகத்தான் சொன்னாள்:

"சாயங்காலம் நான் ஆபீஸ்லேர்ந்து வந்து செருப்பைக் கழட்டிட்டிருந்தேன். நீங்க சோபாவுல போன் பார்த்துட்டிருந்தீங்க. அவன் கையில லாரி பொம்மையை வச்சுக்கிட்டு உங்களை 'பா'ன்னு கூப்பிட்டான். வாசல்லேயே நின்னு எண்ணினேன். பதினோரு தடவை. நீங்க ஒரு தடவை 'ம்'னீங்க. அப்புறம் அவன் லாரியைக் கீழே போட்டுட்டுப் போயிட்டான். அவனுக்குத் தெரிஞ்சதே அஞ்சாறு வார்த்தைங்க. அதுல ஒண்ணைப் பதினோரு தடவை சொல்லியிருக்கான்."

எனக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகமே இல்லை. எந்த ரீல்ஸ் பார்த்தேன் என்பதும் ஞாபகமில்லை.

நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி, மேலே என் பெயரை எழுதினேன்.

* * *

எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். ஆனால் லால்குடியில் ஒரு கல்யாணம் வந்தது. பஸ் விழுப்புரம் தாண்டியதும் பையன் ஆரம்பித்துவிட்டான். பின் சீட்டுக்காரர் 'ச்சு' கொட்டினார். முன் சீட்டு அம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நடத்துநர், "போனைக் குடுத்து அமத்துங்க சார்" என்று இலவச ஆலோசனை சொன்னார். கொடுத்துவிட்டேன். இரண்டு மணி பத்து நிமிடம். கல்யாண மண்டபத்தில் சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் ஆளுக்கொரு போனை நீட்டிக் கொஞ்சினார்கள். திரும்பி வந்து சாப்பாட்டுச் சண்டையை மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டியிருந்தது. இருபதாம் தேதி நெருங்கினால் இப்போதும் என் கட்டுப்பாடு தளரும். ஆயா வைத்துக்கொள்ள என் வருமானம் இடம் தராது. போனைப்போல் சம்பளம் கேட்காத ஆயா உலகத்திலேயே கிடையாது என்பதை நான் மறுக்க மாட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் போன வாரம் டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். பையனின் திரை நேரம் சராசரி இருபத்தைந்து நிமிடம். என்னுடையது இரண்டேகால் மணி. (முழு வெள்ளை. கறுப்பு இல்லை.) வார்த்தைகள் முப்பத்தொன்று. "நல்லா இருக்கு. ஆனா வயசுக்கு இன்னும் கம்மிதான். ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்றானா?" என்றார். இல்லை. வாரா வாரம் பேச்சுப் பயிற்சி தொடரட்டும், இரண்டு மாதம் கழித்து மறுபடி வாருங்கள் என்றார். வரும்போது மைதிலி பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. பையன் மீன் தொட்டியைத் தள்ளவில்லை என்பது மட்டும் எங்களுக்குக் கிடைத்த லாபம். மூக்கைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டு, "மீனு" என்று ஹாலில் இருந்த எல்லோருக்கும் அறிவித்தான்.

நேற்று சாயங்காலம் இந்தக் கட்டுரைக்காக எதையோ தேடப் போனை எடுத்தேன். தேடியது கிடைத்தது. கிடைத்த பிறகும் விரல் தள்ளிக்கொண்டே இருந்தது. பையன் வந்து என் முன்னால் நின்றான். லாரி பொம்மை இல்லை, வெறுங்கை. என் கையிலிருந்து போனைப் பிடுங்கினான். பார்க்கத்தான் பிடுங்குகிறான் என்று நினைத்தேன். அவன் திரையைப் பார்க்கவே இல்லை. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனான். பின்னாலேயே போனேன்.

அரிசி டிரம் மூடியைத் தள்ளி, போனை உள்ளே போட்டான். மூடியை மூடினான். என்னைப் பார்த்து,

"பா... போன்... அயிசி" என்றான்.

டாக்டர் கேட்டது இரண்டு வார்த்தை. இவன் மூன்று சொல்லியிருக்கிறான். மைதிலியை ஓடி வரச் சொல்லிக் கத்திக்கொண்டே சிவப்புப் பேனாவைத் தேடினேன். டிரம்முக்குள் பாட்டு வந்தது. ஹார்டுவேர் கடைக்காரராகத்தான் இருக்கும்.